நூறு ஆணியின் விலை

அமெரிக்கத் தச்சர்கள் மூன்று அங்குல ஆணியை 'டென் பென்னி' என்பார்கள். இரண்டரை அங்குல ஆணி 'எய்ட் பென்னி'. மூன்றரை அங்குலம் என்றால் 'சிக்ஸ்டீன் பென்னி'. அங்கே ஆணி விற்கும் கடைக்குப் போனால் அட்டைப்பெட்டிகளின் மேல் எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்: 8டி, 10டி, 16டி. பென்னிக்கு முதலெழுத்து 'பி' ஆயிற்றே, 'டி' எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விற்பவர்களில் பலர் உதட்டைப் பிதுக்குவார்கள்.

டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகன் வீட்டுக் கொல்லையில் தானே வேலி அடைக்கக் கிளம்பினான். அந்த ஊரில் கூலிக்கு ஆள் வைத்தால் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அவன் கட்சி. கடை அலமாரி முன்னால் நின்றபடி எனக்குப் போன் போட்டான்.

"மாமா, பெட்டியில பதினாறுன்னு போட்டிருக்கு. இன்ச்சுன்னா கடப்பாரை மாதிரி இருக்கணும். மில்லிமீட்டர்னா என் நகத்தளவுதான் இருக்கணும். ரெண்டும் இல்ல. என்ன கணக்கு இது?"

"விலைடா அது."

"விலை வேற போட்டிருக்கு மாமா."

"இன்னிக்கு விலை இல்ல. ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்துல நூறு ஆணி வித்த விலை."

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டான். அவனுக்குச் சொல்ல வைத்திருந்ததை இந்த வாரம் உங்களுக்குச் சொல்கிறேன்.

15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆணியை நூறு நூறாக எண்ணி விற்றார்கள். நூறு ஆணி நான்கு பென்னிக்குப் போனால் அது நாலு பென்னி ஆணி. அதைவிடப் பெரியது நூறு பத்து பென்னிக்குப் போனால் அது பத்து பென்னி ஆணி. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் வேறு அளவே தேவைப்படவில்லை. விலையைச் சொன்னாலே எந்த ஆணி என்று புரிந்துவிடும். தேவாலயங்களைப் பழுதுபார்த்த கணக்குப் புத்தகங்களில் ஆணிச் செலவு இந்தப் பெயர்களோடுதான் எழுதப்பட்டிருக்கிறது.

'டி' வந்த வழியும் அந்தக் கணக்குப் புத்தகங்கள்தான். அந்தக் காலத்து எழுத்தர்கள் கணக்கை லத்தீனில் எழுதினார்கள். பென்னிக்கு அவர்கள் வைத்த பெயர் டினாரியஸ். ரோமானியர்களின் வெள்ளிக்காசுக்கு உரிய பெயர் அது. நம் கரூரிலும் கோவை வட்டாரத்திலும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கிறதே, அதே காசு. மேற்கு ரோமானியப் பேரரசு போய் ஆயிரம் ஆண்டுகள் ஆன பிறகும் இங்கிலாந்துக் கணக்கில் அதன் முதலெழுத்து நின்றது. ஆணிப் பெட்டியில் இன்றைக்கும் நிற்கிறது.

இந்தக் கதைக்கு ஒரு போட்டிக் கதையும் உண்டு. பென்னி என்பது காசே இல்லை, எடை என்பார்கள் சிலர். ஆயிரம் ஆணி பத்து பவுண்டு எடை இருந்தால் அது பத்து பென்னி ஆணியாம். 'பவுண்டு' என்ற சொல்தான் வாய்வழியே 'பென்னி' என்று தேய்ந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தராசில் வைத்தால் நிற்பதில்லை. இந்தக் கணக்குப்படி இரண்டு பென்னி ஆணி பவுண்டுக்கு ஐந்நூறு நிற்க வேண்டும். அமெரிக்கக் கடைகளின் வழக்கமான அட்டவணையில் அது பவுண்டுக்கு 876. பத்து பென்னி ஆணி பவுண்டுக்கு நூறு நிற்க வேண்டும், நிற்பது 69. அட்டவணை இன்றைய கம்பி ஆணிக்கானது, பழைய ஆணியின் பருமன் வேறு என்பது உண்மை. ஆனால் பழைய கணக்குப் புத்தகங்களில் இருப்பதும் நூற்றுக்கு இத்தனை காசு என்ற விலைதான். எடைக் கட்சி அங்கேயும் தோற்றுப் போகிறது.

எடைக் கணக்கைத் தள்ளிவிட்டாலும் அந்த அட்டவணையைத் தள்ளிவிட வேண்டாம். எனக்கு இந்த விஷயத்தில் ருசி தட்டியதே அங்கேதான்.

ஓர் அங்குல ஆணி இரண்டு பென்னி. அதிலிருந்து கால் அங்குலம் ஏற ஏற ஒவ்வொரு பென்னி கூடும். இரண்டு அங்குலம் ஆறு பென்னி. மூன்று அங்குலம் பத்து பென்னி. இதுவரை கிரமமாகப் போகும். அதற்கு மேல் குதிக்கத் தொடங்கும். மூன்றேகால் அங்குலம் 12, மூன்றரை 16, நான்கு 20, ஐந்து 40, ஆறு அங்குலம் 60. பதினோரு பென்னி ஆணி என்றோ பதிமூன்று பென்னி ஆணி என்றோ கேட்டால் கிடையாது. யாராவது அதிகாரி உட்கார்ந்து வகுத்த அளவாக இருந்தால் இப்படி மேடும் பள்ளமுமாக இருக்காது. சந்தையில் பேரம் பேசி உருவான வரிசை இது.

இப்போது எடையையும் பென்னியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அறுபது பென்னி ஆணி பவுண்டுக்கு 11 நிற்கும். பத்து பென்னி 69 நிற்கும். அதாவது பெரிய ஆணியில் ஆறு மடங்குக்குச் சற்று மேல் இரும்பு இருக்கிறது. பென்னியும் ஆறு மடங்கு. இருபது பென்னி ஆணியிலும் நாற்பது பென்னி ஆணியிலும் கணக்கு இதேபோல்தான் ஒத்துவருகிறது. ஆக, பெரிய ஆணிக்கு இரும்பைப் பார்த்து விலை. கீழே இறங்கினால் கதை மாறுகிறது. பத்து பென்னி ஆணியில், இரண்டு பென்னி ஆணியைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் இரும்பு. விலை ஐந்து மடங்குதான். சின்ன ஆணியில் இரும்பு அவ்வளவு குறைந்தும் விலை ஏன் அந்த அளவுக்கு இறங்கவில்லை? ஓர் அங்குல ஆணியானாலும் உலையில் காய்ச்ச வேண்டும், கூர் இழுக்க வேண்டும், கொண்டை தட்ட வேண்டும். இரும்பு குறைந்தால் வேலை குறைவதில்லை. அந்த இரண்டு பென்னியில் பெரும்பங்கு கைக்கூலி என்றே நான் படிக்கிறேன்.

அந்தக் காலத்துக் கூலியின் அளவும் நமக்குத் தெரியும். 15ஆம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தில் கட்டட வேலை செய்த தச்சர் போன்ற தொழில் தெரிந்தவருக்கு நாள் கூலி சுமார் ஆறு பென்னி, சித்தாளுக்கு நான்கு. நூறாண்டுக்கு மேல் அது அசையவே இல்லை. ஆறு பென்னி ஆணி என்பது இரண்டு அங்குலம். விடிந்ததிலிருந்து அடையும் வரை உழைத்த ஒரு தச்சர், அன்றைய கூலி முழுவதையும் கொடுத்தால் அதில் நூறு கிடைக்கும். மூன்று அங்குலம் வேண்டுமானால் அறுபது. இன்றைய அமெரிக்கத் தச்சர் ஒரு மணி நேரக் கூலியில் நூற்றுக்கணக்கில் வாங்கிவிடுவார். பழைய இங்கிலாந்து மரவீடுகளின் சட்டங்களைப் பொளி போட்டு, நாக்குச் செருகி, ஓக் முளை அடித்து இறுக்கினார்கள். அதில் தொழில்நுட்பத்தின் அழகும் இருந்தது, ஆணியின் விலையும் இருந்தது.

கையால் ஆணி செய்வதைக் கிட்டத்தில் பார்த்தால் விலை புரியும். விரல் பருமன்கூட இல்லாத சதுரக் கம்பியின் நுனியை உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சுகிறார்கள். பட்டடையில் வைத்து நான்கு பக்கமும் திருப்பித் திருப்பித் தட்டிக் கூர் இழுக்கிறார்கள். வேண்டிய நீளத்தில் உளிவாயில் வைத்து ஒரு வெட்டு. அறுந்து விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்படி. கூர்முனையைத் துளையிட்ட இரும்பில் செருகிக் கம்பியை முறுக்கி ஒடித்தால், துளைக்கு மேலே சிறு குமிழ் மிஞ்சும். அதைச் சுற்றிலும் நான்கைந்து அடி போட்டால் ரோஜா மொட்டு விரிந்த மாதிரி கொண்டை. சூடு ஆறுவதற்குள் அத்தனையும் முடிந்தாக வேண்டும். பிறகு அடுத்த ஆணி.

ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' நூலில் இந்த வேலைக்குக் கணக்குத் தருகிறார். ஆணி செய்து பழகாத கொல்லர் நாளெல்லாம் முயன்றால் இருநூறு முந்நூறு, அதுவும் மட்டமானவை. பழகியவர் எண்ணூறிலிருந்து ஆயிரம். ஆணியைத் தவிர வேறெதுவும் செய்தறியாத, இருபது வயதுகூட நிரம்பாத பையன்கள் நாளுக்கு 2,300க்கும் மேல் செய்ததை அவரே பார்த்திருக்கிறார். வேலையைப் பங்கிட்டால் உற்பத்தி பெருகும் என்று காட்டவே அந்த எண்ணைச் சொன்னார். நான் அதைப் படிக்கும்போது அந்தப் பையன்களின் தோள்பட்டையைத்தான் நினைக்கிறேன்.

அதே நூலில் இன்னோரிடத்தில், ஸ்காட்லாந்துக் கிராமம் ஒன்றில் தொழிலாளிகள் ரொட்டிக் கடைக்கும் சாராயக் கடைக்கும் காசுக்குப் பதில் ஆணியை எடுத்துப் போவது வழக்கம் என்கிறார். காசின் பெயரை ஆணிக்கு வைத்தவர்கள், ஆணியையே காசாகவும் செலவழித்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் இந்தத் தொழிலின் மையம் பர்மிங்காமுக்கு மேற்கே உள்ள 'பிளாக் கன்ட்ரி' வட்டாரம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு பட்டறை. அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஒரே உலையைச் சுற்றி நிற்பார்கள். 1741இல் அந்த வழியாகப் போன வில்லியம் ஹட்டன் என்ற எழுத்தாளர், பெண்கள் சுத்தியல் பிடித்து இரும்பு அடிப்பதைப் பார்த்து அசந்துபோய், இந்த ஊரில் குதிரைக்கு லாடம் அடிப்பதும் பெண்கள்தானா என்று விசாரித்ததாக எழுதியிருக்கிறார். சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்களாம், இவர்கள் ஆணி செய்பவர்கள் என்று. கம்பியைக் கொடுத்து ஆணியை வாங்கும் இடைத்தரகர்கள் கூலியைப் பணமாகத் தராமல், தங்கள் கடைச் சாமானாகத் தந்து அதிலும் லாபம் பார்த்தார்கள். அப்படிப் பொருளாகக் கூலி தருவதைத் தடுக்க 1831இல் சட்டம் வந்த பிறகும் தொல்லை முழுசாக ஒழியவில்லை.

அட்லாண்டிக்கைத் தாண்டிய அமெரிக்கக் குடியேற்றங்களில் ஆணி இன்னும் அரிது. இரும்பு இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். வர்ஜீனியாவில் புகையிலை பயிரிட்டு மண் சத்திழந்ததும் வேறிடம் தேடிப் போகிறவர்கள், பழைய வீட்டைக் கொளுத்திச் சாம்பலிலிருந்து ஆணியைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். 1640களில் அதைத் தடை செய்து அங்கே சட்டமே போட்டார்கள். வீட்டைக் கொளுத்தாமல் விட்டுப் போனால், அதில் எத்தனை ஆணி இருக்கும் என்று இரண்டு பேர் மதிப்பிடுவார்கள். அத்தனை ஆணியை அரசே கொடுத்துவிடும்.

அதே வர்ஜீனியாவில், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் 1794இல் தன் மான்டிசெல்லோ பண்ணையில் ஆணிப் பட்டறை தொடங்கினார். சுத்தியல் பிடித்தவர்கள் அவருக்கு அடிமைகளாக இருந்த, பத்திலிருந்து பதினாறு வயது வரையிலான சிறுவர்கள். நாளுக்கு எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் ஆணி வரை அந்தப் பட்டறையிலிருந்து வந்தது. எவன் எவ்வளவு செய்தான், எவ்வளவு கம்பியை வீணாக்கினான் என்று ஜெஃபர்சன் தன் கையால் கணக்கு வைத்திருந்தார். 1796இல் நாலு பென்னிச் சிற்றாணிகளை வெட்டித்தள்ள ஓர் இயந்திரமும் வாங்கினார். அவர் புத்தகத்தில் ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு பென்னிக் கணக்கு உண்டு. அதைச் செய்த பையனுக்குக் கூலிக் கணக்கு என்று ஒரு பக்கமும் இல்லை.

இயந்திரம் வந்ததும் விலை சரிந்தது. இரும்புத் தகட்டிலிருந்து ஆணியை வெட்டும் இயந்திரங்கள் 1790களிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டன. நூறாண்டு கழித்து எஃகுக் கம்பியை நறுக்கிக் கொண்டை அழுத்தும் இயந்திரங்கள் அவற்றையும் ஓரங்கட்டின. நம்மூர் இரும்புக் கடையில் கிலோ கணக்கில் அள்ளிப் போடும் கம்பி ஆணி அந்த வம்சம்தான். டேனியல் சிச்செல் என்ற பொருளாதார அறிஞர் 1695 முதல் அமெரிக்க ஆணி விலையைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார். மற்ற பொருள்களின் விலையோடு ஒப்பிட்டால், 18ஆம் நூற்றாண்டின் கடைசிக்கும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையே ஆணி விலை சுமார் பத்தில் ஒரு பங்காக இறங்கியது என்கிறார். 1810 வாக்கில் அமெரிக்காவின் மொத்த உற்பத்தி மதிப்பில் 0.4 சதவீதம் ஆணிக்குப் போனதாம். இன்றைய குடும்பங்கள் கணினிக்குச் செலவிடும் பங்கு ஏறக்குறைய அதே அளவு என்பதும் அவர் கணக்குதான்.

ஆணி மலிந்ததைப் பற்றி எனக்குக் குறையில்லை. குடிசைக்குப் பதில் மரவீடு கட்டிக்கொள்ளப் பலருக்கு அது வழிவிட்டது. ஆனால் பிளாக் கன்ட்ரியில் கையால் ஆணி செய்தவர்கள் அந்த இயந்திரத்தோடு போட்டி போட ஒரே வழிதான் இருந்தது: தங்கள் கூலியைக் குறைத்துக்கொள்வது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அப்படியே பிழைத்தார்கள். கசக்கிப் பிழியும் தொழில்களை விசாரிக்கப் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை 1888இல் ஒரு குழுவை அமைத்தபோது, சட்டை தைப்பவர்களோடு இந்த ஆணி, சங்கிலித் தொழிலாளர்களையும் விசாரிக்க வேண்டியிருந்தது.

விலை இப்படி ஓடி இறங்கிக்கொண்டிருக்க, பெயர் மட்டும் ஏன் நின்ற இடத்திலேயே நின்றது? 15ஆம் நூற்றாண்டிலேயே, ஐந்து பென்னி ஆணி என்று எழுதிவிட்டு அதற்குக் குறைந்த விலை கொடுத்த கணக்குகள் லண்டன் தேவாலயப் புத்தகங்களில் தென்படுகின்றன. தச்சருக்கு வேண்டியது ஓர் அடையாளம். அது மாறாமல் இருந்தால் போதும். 1957இல் தசம நாணயம் வந்து அணா ஒழிந்த பிறகும் நாம் ஐம்பது பைசாவை எட்டணா என்றே சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்த மாதிரி. கையும் வாயும் பழகிவிட்டால் அரசாங்க உத்தரவு அங்கே செல்லாது.

பென்னி விஷயத்தில் இதற்கு ஒரு வேடிக்கையான திருப்பமும் உண்டு. டாலரைச் சட்டப்படி தன் நாணயமாக்கி 1792இலேயே பவுண்டு, ஷில்லிங், பென்னிக் கணக்கைக் கைவிட்டது அமெரிக்கா. இங்கிலாந்து 1971 பிப்ரவரி 15 வரை அதே கணக்கில் இருந்தது. அன்றுதான் 'டி' போய்ப் 'பி' வந்தது. இன்று பிரிட்டனில் ஆணியை மில்லிமீட்டரில் வாங்குகிறார்கள். பென்னியை முதலில் கைவிட்ட நாடுதான் இன்னமும் ஆணிப் பெட்டியில் 'டி' அச்சிடுகிறது. தங்கள் ஒரு சென்ட் காசையும் அமெரிக்கர்கள் செல்லமாகப் பென்னி என்பார்கள். புழக்கத்துக்காக அதை அடிப்பதைக்கூட 2025 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஆணி அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆனால் அளவாக மாறிய பெயருக்கும் இப்போது ஆட்டம் வந்துவிட்டது. பதினாறு பென்னி சாதாரண ஆணி மூன்றரை அங்குல நீளம், 0.162 அங்குலப் பருமன். 'சிங்கர்' என்று ஒரு வகை இருக்கிறது: வழுக்கிக்கொண்டு இறங்க மேலே பூச்சு, சுத்தியல் நழுவாமலிருக்கக் கொண்டையில் கட்டம் கட்டமான வரிகள். அதிலும் பதினாறு பென்னி உண்டு. நீளம் மூன்றேகால், பருமன் 0.148. 'பாக்ஸ்' ஆணி என்று இன்னொரு வகை. மரம் பிளக்காமல் இருக்க மெலிந்த உடம்பு. பெயர் ஒன்றுதான், ஆள் வேறு. 1950களில் வந்த ஆணித் துப்பாக்கிக்கான ஆணிப் பட்டைகளோ நீளம், பருமன் கணக்கிலேயே விற்கின்றன. சுவர்ச் சட்டத்தில் பத்தாயிரம் ஆணி இறங்கியபின் அவை மெலிந்த வகை என்று தெரிந்தால், புயல் வரும் நாளில்தான் அதன் விலை தெரியும்.

அதனால் அமெரிக்காவில் வீடு கட்டுவதற்கான மாதிரி விதித் தொகுப்பில் எந்த மூட்டுக்கு எந்த ஆணி என்று சொல்லும் அட்டவணை இரண்டையும் சேர்த்தே எழுதுகிறது: பதினாறு பென்னி, அடைப்புக்குள் மூன்றரை அங்குலம், 0.162 அங்குலம். அடைப்புக்குள் இருப்பது அந்த ஆணி எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிட உதவும்; பொறியாளருக்கு அது போதும். வெளியே இருப்பது அதைச் செய்ய ஒரு காலத்தில் எவ்வளவு இரும்பும் எவ்வளவு கூலியும் ஆயிற்று என்பதன் மிச்சம். அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க நம்மைப் போன்ற வேலையற்றவர்கள் வேண்டும். ஒரே வரியில் இரண்டும் இருக்கின்றன. இரண்டும் இருக்கட்டும்.